போஞ்சி ஈயும் தேயிலை ஈயும்

அந்தச் சனிக்கிழமை பகல் அந்தோணியம்மா அத்தை எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். அரை நாள் கந்தோர் வேலை முடிந்து வந்த அலுப்பு. அத்தையின் தோளில் கிடந்த கம்பளியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. காலில் புசல்லாவைத் தோட்டத்துச் சேறு அப்படியே இருந்தது. பஸ்ஸில் யாராவது முகம் சுளித்திருப்பார்கள், அத்தை அதைக் கவனித்திருக்கவே மாட்டாள்.

“என்னங்க அத்தை, இந்த மழையில? அப்பா பிலிமத்தலாவைக்குப் போயிருக்காரே” என்றேன்.

“ஒங்கப்பன பாக்க வரல. ஒன்னத்தான் பாக்க வந்தேன். பிலோமி, ஒங்க பூச்சிக் கந்தோரு எங்க வயித்துல அடிச்சிருச்சும்மா.”

அத்தை அழுகிற ஜாதி இல்லை. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். குடிக்காமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“காலையில பெரட்டுல கணக்கப்புள்ள வாசிச்சாரு. எங்க போஞ்சியில இருக்குற ஈதான் தேயில எலைய தின்னுதாம். கண்டியில இருந்து கடுதாசி வந்திருக்காம். செவ்வாக்கெழம ஆள விட்டு எல்லார் கொல்லையையும் புடுங்கிப் போடுவாங்களாம். இனிமே லயத்துப் பக்கம் போஞ்சியே போடக் கூடாதாம்.”

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதற்குப் பெயர்தான் பெரட்டு. அங்கே வாசித்துவிட்டால் அது கல்லில் எழுதியது போல.

எனக்குக் கையிலிருந்த எண்ணெய் முழங்கை வரை வழிந்ததுகூடத் தெரியவில்லை. அந்தக் கடிதத்தை எனக்குத் தெரியும். அதோடு போன படத்தை வரைந்தவளே நான்தான்.

படம் வரைகிற பெண்

என் உத்தியோகத்தைப் பற்றி முந்தின வாரங்களில் அங்குமிங்குமாகச் சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. கண்டிக்கு வெளியே, மகாவலி வளைந்து போகிற பக்கம் இருந்த ஒரு பயிர் ஆராய்ச்சிக் கந்தோரில் பூச்சிகளைப் படம் வரைவதுதான் என் வேலை. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பூவும் தேவதூதர்களும் வரையப் பழகிய கை, சம்பளத்துக்காக வண்டும் புழுவும் வரைந்தது. அந்தக் கந்தோரில் பெண் என்று நான் ஒருத்திதான். எனக்கென்று ஒரு கதிரை, ஒரு நுணுக்குக்காட்டி, ஜன்னல் ஓரத்தில் ஒரு மேசை. ஆண்பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டதால் வேலை நிம்மதியாக நடந்தது.

அப்பா உபதேசியாராகி ஊருக்குள் வந்துவிட்டார். அவருடைய அக்கா அந்தோணியம்மா தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். அப்பாவைப் படிக்க வைத்தது அவள் எடுத்த கொழுந்துதான். அதனால் நான் பிடித்த பென்சிலிலும் அவளுக்குப் பங்கு உண்டு.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. தோட்டங்களில் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு துண்டு நிலத்தில் போஞ்சி என்கிற பீன்ஸ் போட்டுத்தான் சனங்கள் பிழைத்தார்கள். பிஞ்சைக் கறி வைப்பார்கள், மீதியைப் புசல்லாவைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோவார்கள். அத்தையின் கொல்லையில் போஞ்சி தவிர வேறு எதற்கும் இடம் கிடையாது. அவளுடைய இரண்டு பேரப்பிள்ளைகளின் சாப்பாடு அதிலிருந்துதான் வந்தது.

ஈ என்றால் ஒரே ஈயா?

ஈ என்றதும் நீங்கள் கருவாட்டுக் கடையை நினைத்துக்கொள்வீர்கள். நான் சொல்வது வேறு. பூசணிக்காயைக் குத்திக் கெடுக்கிற ஈ உண்டு, மாம்பழத்தைக் கெடுக்கிற ஈ உண்டு. இரண்டும் பார்க்கக் குளவி மாதிரி, மஞ்சள் கோடு போட்டிருக்கும். ஆனாலும் ஒன்றின் சிறகில் புகைபட்ட மாதிரி ஒரு திட்டு இருப்பதால் ஒரு வாரம் பழகியவர்கள் பிரித்துவிடலாம். நானும் பிரித்தேன். பிரித்த பெருமையில் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

தலைக்கனத்தை இறக்கியது சின்னக் கறுப்பு ஈக்கள். எள்ளில் பாதி இருக்கும். மினுமினுவென்று கறுப்பு. கோடு கிடையாது, திட்டு கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு சாதி, போஞ்சி இலையில் முட்டையிடும். அதன் புழு காம்பு வழியாகவே இறங்கித் தண்டின் அடியில் போய்க் குடியிருக்கும். செடி மஞ்சளாகி, அடித்தண்டு வீங்கி வெடிக்கும். இன்னொரு சாதி தேயிலை இலையின் தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து, நத்தை போன வழி மாதிரி வெள்ளைக் கோடு போடும். இரண்டையும் கண்ணாடித் தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கும் குழப்பம் வரும்.

எங்கள் கந்தோரில் புழுப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டவர் ஹமீது நானா. கட்டுகஸ்தோட்டைக்காரர்தான், எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி. வரும் இலை, தண்டு, காய் எல்லாவற்றையும் போத்தலில் போட்டு வாயை மல்துணியால் கட்டி, உள்ளேயிருந்து என்ன பறக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஈக்களை அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. “கறுப்புக்காரன் வந்திட்டான் தங்கச்சி” என்பார். எந்தக் கறுப்புக்காரன் என்று நான்தான் சொல்ல வேண்டும். இருக்கும் என்பதை ‘ஈக்கும்’ என்பதும் இருந்தது என்பதை ‘ஈந்திச்சி’ என்பதும் அவர் பேச்சு.

நான் செய்த தவறு

இனி மறைத்துப் பயனில்லை. அந்தத் தோட்டத்துத் துரை, தேயிலையில் வெள்ளைக் கோடு விழுகிறது என்று கடிதம் எழுதியிருந்தார். கோடு விழுந்த இலை ஒரு கட்டு, லயத்துப் போஞ்சிச் செடி ஒரு கட்டு, இரண்டையும் அனுப்பியிருந்தார். இந்த ஈ அந்தப் போஞ்சியிலிருந்துதான் வருகிறதா, சீக்கிரம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

ஹமீது நானா ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு போத்தலில் போட்டார். முதலில் தேயிலைப் போத்தலில் ஈ வந்தது, வரைந்தேன். அடுத்த நாள் போஞ்சிப் போத்தலில் இரண்டு ஈ வந்தது. ஒன்றை எடுத்துச் சிறகைப் பிரித்து வரைந்தேன். சிறகின் நடுவில் இரண்டு குறுக்கு நரம்பு ஓடும், அவை எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதுதான் பார்க்க வேண்டியது. இரண்டு படத்திலும் அவை ஒரே மாதிரி நின்றன. மயிரிழைகூட மாறவில்லை.

பத்து ஈயாவது பார்த்த பிறகுதான் படம் வரைய வேண்டும் என்பது கந்தோர்ச் சட்டம். நான் ஒன்றைப் பார்த்தேன். துரை அவசரப்படுத்தினார் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. பூசணி ஈயும் மாம்பழ ஈயும் பிரித்தவளுக்கு இது எம்மாத்திரம் என்கிற எண்ணம்தான்.

பெரிய அதிகாரி விடுமுறையில் கப்பலேறிவிட்டதால் அவர் இடத்தில் சிவகுரு ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்தார், கஞ்சி போட்ட கோட்டு, யாருடைய கையெழுத்தையும் நம்பாதவர். ஆனால் நான் இழுத்த கோட்டை நம்புவார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஓம், ஒண்டுதான். நல்ல வடிவாக் கீறியிருக்கிறியள் பிள்ளை” என்றார். அன்றே கடிதம் போய்விட்டது.

அந்தப் பாராட்டு இரண்டு நாள் எனக்கு இனித்தது. அத்தையின் கொல்லையும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் ஈ ஈதானே, நான் என்ன செய்வேன் என்று சொல்லியிருப்பேன். அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

கட்டிய இலை

அத்தை கதிரையில் உட்கார மறுத்து, சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். படம் என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

“இதுல எனக்கு என்ன வவுத்தெரிச்சல்னா பிலோமி, அந்தப் போஞ்சிச் செடி என் கொல்லையில புடுங்குனதுதான். கணக்கப்புள்ள வந்து, கண்டிக்கு அனுப்பணும், நோவு விழுந்த செடியா நாலு குடுன்னாரு. கவருமெண்டு கந்தோருக்குப் போற சாமான வெறுங்கையா குடுக்கலாமா? வாடிறக் கூடாதுன்னு சுத்தி எல வெச்சு, வாழ நாருல கட்டி, தண்ணி தெளிச்சில்ல குடுத்தேன். நல்லது செஞ்சதுக்குக் கெடச்ச கூலியப் பாரு.”

“என்ன இலை அத்தை?”

“என்ன எலையா? தேயில எலதான். நின்ன எடத்துல வேற எல எங்க இருக்கு?”

“கொழுந்தா?”

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “கொழுந்த யாராச்சும் பொட்டலம் கட்டுவாங்களா? கொழுந்து நிறுவைக்குப் போறது. நல்ல எலையில கை வைப்பனா நான்? ஒண்ணுக்கும் ஒதவாத முத்தல் எலையாப் பாத்து ஒடிச்சேன். கோடு விழுந்தது, ஓட்ட விழுந்தது, அப்படி.”

கோடு விழுந்தது என்று அவள் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன்.

கொழுந்து பறிக்கிற எந்தப் பெண்ணும் அதையேதான் செய்திருப்பாள். நல்ல இலையை வீணாக்குவது அந்தக் கைகளுக்கு வராது. அதனால்தான் தேடித்தேடிக் கோடு விழுந்த இலையாக எடுத்துப் போஞ்சியைச் சுற்றியிருக்கிறாள். ஹமீது நானா கட்டை அவிழ்க்காமல் அப்படியே போத்தலில் போட்டிருந்தால், நான் வரைந்த ஈ போஞ்சியிலிருந்து வந்ததே இல்லை. அத்தை சுற்றிய தேயிலையிலிருந்து வந்தது.

இதை அத்தையிடம் அப்போது சொல்லவில்லை. என் ஊகம் தப்பாகிவிட்டால் அவளுக்கு வீணாக ஆசை காட்டினதாகிவிடும். “நான் போய்ப் பார்க்கிறேன் அத்தை” என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செம்பிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

ஹமீது நானாவின் விறகு

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு, நேரே ஹமீது நானா வீட்டுக்குப் போனேன். முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. அவர் முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நானா, அந்தப் போஞ்சிக் கட்டு, நீங்க அவிழ்த்துப் போட்டீங்களா, கட்டோட போட்டீங்களா?”

“கட்டோடதான் போட்டன். பச்சை எல சுத்தி ஈந்திச்சி, செடி வாடாம ஈக்கட்டுமேண்டு உட்டுட்டன். ஏன் தங்கச்சி?”

“போத்தல் இப்ப எங்க?”

அவர் துடைப்பதை நிறுத்தினார். பார்த்து முடிந்த போத்தல்களைச் சனிக்கிழமைகளில் கொட்டி எரித்துவிடுவது வழக்கம். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

“நேத்து எரிக்கத்தான் ஈந்திச்சி. அந்த மழைக்கு வெறகெல்லாம் நனஞ்சி பெய்த்து. திங்கக்கிழம பாக்கலாமேண்டு மூலையில வெச்சிட்டு வந்தன்.”

அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தக் காலத்தில் அதெல்லாம் முடியாது. “சாவியை எடுங்க நானா” என்றேன்.

கந்தோர் பூட்டிக் கிடந்தது. புழு அறையில் நனைந்த சாக்கு வாசம். போத்தல் மூலையிலேயே இருந்தது. துணியை அவிழ்த்து வெள்ளைக் கடதாசியில் கொட்டினோம். வாடிச் சுருண்ட தேயிலை, கருகின போஞ்சித் தண்டு, அடியில் பொடிப்பொடியாகச் செத்த ஈ.

ஈ பறந்துவிட்டாலும் அது இருந்த கூடு இருந்த இடத்திலேயே கிடக்கும். இதை முதலிலேயே தேடியிருந்தால் இத்தனை பாடு இல்லை. இலைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். நாலாவது இலையில், வெள்ளைக் கோடு முடிகிற இடத்தில், தோலுக்கடியில் ஒரு வெறுங்கூடு. ஊசிமுனை மாதிரி இரண்டு கொம்பு இலையைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த இலையில் இன்னொன்று. பிறகு போஞ்சித் தண்டின் அடிப்பட்டையை ஹமீது நானா நகத்தால் உரித்தார். உள்ளே வேறு கூடுகள், வரிசையாக ஏழெட்டு.

செத்த ஈக்களைப் பொறுக்கிச் சிறகைக் கழற்றி ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியில் வைத்தேன். முதல் சிறகில் குறுக்கு நரம்புகள் நெருங்கி நின்றன. என் படத்தில் அவை தள்ளி நின்றவை. அடுத்ததும் நெருங்கி. அதற்கடுத்ததும். பதினொரு சிறகில் பத்து அப்படி. ஒன்றுதான் என் படத்தைப் போல.

“நானா, இது வேற” என்றேன்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார். “எனக்கு எல்லாம் ஒண்டுபோலத்தான் ஈக்கிது. நீங்க வேறண்டு சென்னா வேறதான்” என்றார். பிறகு, “அவனுகள் பொறகுதான் வந்தானுகள் தங்கச்சி. நீங்க வரஞ்சி முடிச்சிட்டீங்களேண்டு நான் செல்லல்ல” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு மேலே ஒரு சந்தோஷம். ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு சிறகையும் இரண்டு கூட்டையும் வரைந்து முடித்தேன். ஹமீது நானா தேநீர் வாங்கி வந்து வைத்தார். ஆறிப்போனபின் குடித்தேன், தேன்போல இருந்தது.

ஒரு வாக்கியம்

திங்கட்கிழமை காலை சிவகுரு ஐயா கோட்டைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். நான் வரைந்த படம் தவறு, போஞ்சியைத் தேயிலையில் சுற்றி அனுப்பியிருந்தார்கள் என்று சொன்னேன். அவர் நேரே என் மேசைக்கு வந்தார், நுணுக்குக்காட்டியில் குனிந்தார். சுவர்க் கடிகாரம் அடித்து ஓய்ந்தது. இன்னும் குனிந்தபடியே இருந்தார்.

“வேற வேற ஈதான்” என்றார் கடைசியில். “என்ர கையெழுத்தோடயெல்லோ கடிதம் போயிட்டுது.”

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. பேனாவை எடுத்து உடனே எழுதத் தொடங்கினார். தோட்டத்தார் போஞ்சியைக் கோடு விழுந்த தேயிலையில் கட்டி அனுப்பியதால் இந்தப் பிழை நேர்ந்தது என்று முதல் வரி.

அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பகீரென்றது. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, மடியில் ஒரு பிடி இலை வைத்திருந்தாள் என்று ஒருத்திக்கு அந்தத் தோட்டத்தில் வேலையிலிருந்து நிறுத்தும் பற்றுச்சீட்டுக் கொடுத்து, பேரை வெட்டி அனுப்பிவிட்டார்கள். பெட்டியும் பிள்ளையுமாக அவள் ரோட்டில் நின்றதை நான் பார்த்தேன். முத்தலோ கொழுந்தோ, தோட்டத்து இலை தோட்டத்து இலைதான். ஆள் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த வருடம் வேறு. இந்த வரி போனால் போஞ்சி தப்பும், அத்தை தப்பமாட்டாள்.

“ஐயா, அந்த வரி வேண்டாம்.”

“ஏன் பிள்ளை? நடந்ததை நடந்தபடி எழுதுறதெல்லோ எங்கட வேலை.”

“தோட்டத்து இலையை ஒடிச்சாங்கன்னு கட்டினவங்களை வேலையை விட்டு நிறுத்திருவாங்க ஐயா.”

“கட்டினது ஆர்?”

நான் தரையைப் பார்த்தேன். என் அத்தை புசல்லாவைப் பக்கத்தில் கொழுந்து எடுக்கிறாள் என்பது கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

“நடந்ததுல பாதி நம்மது ஐயா. கட்டை அவிழ்க்காம போத்தல்ல போட்டது நாங்க. பத்துப் பார்க்க வேண்டிய இடத்துல ஒண்ணைப் பார்த்தது நான்.”

சிவகுரு ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். கோட்டுக்குக் கீழே அவர் வேட்டிதான் கட்டுவார். பிறகு எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். ‘எமது கந்தோரில் இரண்டு மாதிரிகளும் கலந்துவிட்டபடியால் முன்னைய முடிவு பிழையாயிற்று, போஞ்சி ஈ தேயிலையைத் தொடுவதில்லை, கொல்லைகளைப் பிடுங்குவதால் தேயிலைக்கு ஒரு நன்மையும் இல்லை’ என்று எழுதினார்.

“இது பொய்யில்லைத்தானே?” என்று என்னைக் கேட்டார். அவருக்கே அதில் சந்தேகம் இருந்திருக்கும்.

“இல்லை ஐயா.”

“தபாலிலை போட்டால் நாளைக்குப் பின்னேரம்தான் கிடைக்கும். நீங்களே கொண்டுபோங்கோ. துரை ஏசினால் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

அந்த மனிதரை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தன் கந்தோரின் பேரைத் தானே குறைத்து எழுதுகிற அதிகாரியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

வாங்கிக்கொண்ட ஏச்சு

பஸ் கம்பளை தாண்டி மேலே ஏறியது. தோட்டத்துக் கந்தோரில் நான் போய் நின்றபோது மூன்று மணி இருக்கும்.

துரை கடிதத்தை இரண்டு தரம் படித்தார். சிவந்த முகம், இங்கிலீஷில்தான் பேசினார்.

“கலந்துவிட்டது என்றால் எப்படிக் கலந்தது? போஞ்சிப் போத்தலுக்குள் தேயிலை எப்படிப் போனது?”

கணக்கப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். கட்டை அத்தை கையிலிருந்து வாங்கியவர் அவர். அவருக்கு எல்லாம் தெரியும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்க்கவில்லை.

“என் கவனக்குறைவு” என்றேன். “வரைந்ததும் நான்தான். இதோ சரியான படம்.”

துரை ஏசினார். படித்த பெண் என்றார், அரசாங்கச் சம்பளம் என்றார், ஒரு போத்தலை ஒழுங்காக வைக்கத் தெரியாதவர்கள் எனக்குப் புத்தி சொல்ல வந்தீர்களா என்றார். ஆள் விடுவதற்கு ஏற்பாடு செய்து எத்தனை வேலை கெட்டது என்றார். கால்மணி நேரம் நின்ற இடத்தில் நின்று கேட்டேன். ஏசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஆயுளில் ஒரு ஏச்சை அவ்வளவு நிம்மதியாக நான் வாங்கியதில்லை.

முடித்துவிட்டு, “நாளைக்கு ஆள் வேண்டாம். அந்தச் செடிகள் இருக்கட்டும்” என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். என்னைப் போகச் சொன்னார்.

வெளியே வந்ததும் கணக்கப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “எப்படிக் கலந்துச்சுன்னு எனக்கும் தெரியாதும்மா” என்றார்.

லயத்துக்குப் பின்னால் கொல்லைகளில் பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு எல்லாம் போகப் போகிறது என்று விரலளவு பிஞ்சைக்கூட விடாமல் பறித்தார்கள். பூவும் சேர்ந்து வந்தது. கணக்கப்பிள்ளை மேட்டில் நின்று, “பறிக்கிறத நிறுத்துங்க. புடுங்கலையாம், தொரை சொல்லிட்டாரு” என்றார்.

யாரும் கூச்சல் போடவில்லை. ஒருத்தி பறித்த கையோடு அப்படியே நின்றாள். இன்னொருத்தி கூடையைப் பார்த்து, “ஐயோ, பிஞ்செல்லாம் பறிச்சுட்டனே” என்றாள். அத்தை பாத்தி வரப்பில் உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டி, முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழ அழ நன்றாக இருந்தது.

“எதுக்கு அழுவுற? தொரை ஏசிட்டாரா?”

“ஆமா அத்தை.”

“எதுக்கு ஏசினாரு?”

“கந்தோர்ல போத்தலை மாத்திக் கலந்துட்டேன். என் கவனக்குறைவு.”

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். சாயம் போன அந்தத் தலைப்பில் தேயிலைச் சாறும் புகையும் மணத்தன. அந்த இலை விஷயத்தை அன்றைக்கு நான் சொல்லவில்லை. சொன்னால், எல்லாம் தான் சுற்றிய இலையால் வந்தது என்று கணக்கப்பிள்ளையைக் காணும்போதெல்லாம் அவள் ஒடுங்கிப்போவாள். பிறகும் சொல்லவில்லை. கண்டிப் பெரியாஸ்பத்திரியில் அவள் கடைசியாகக் கிடந்தபோதும் சொல்லவில்லை.

ஆகவே அவள் சாகிற வரைக்கும் லயத்தில், கோவிலில், கல்யாண வீட்டில், எங்கே நாலு பேரைக் கண்டாலும் என் எதிரிலேயே இந்தக் கதையைச் சொல்வாள்.

“என் மருமக படிச்ச புள்ளதான், ஆனா கையி ஒரு எடத்துல நிக்காது. போத்தல மாத்தி வெச்சு எங்க எல்லாரு வயித்துலயும் மண்ண அள்ளிப்போடப் பாத்தா. என்னமோ, நான் இத்தன வருசமா தொரைகிட்ட ஒரு கெட்ட பேரு வாங்காம இருந்தனோ, என் முகத்துக்காக இவள சும்மா விட்டாரு.”

எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். “ஆமாம், அத்தையால்தான் தப்பித்தேன்” என்பேன்.